ஜெராய் மலையில் நான் உண்டாக்கிய பிளவு

முதல் நாள், காலை எட்டரை மணி.

மணி என்றால் தோக்கியோ மணி. சுங்கைப் பட்டாணி மணிக்கூண்டின் முட்களை ஜப்பான்காரர்கள் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். சூரியனுக்கு மட்டும் உத்தரவு போய்ச் சேரவில்லை. அது ஏழு மணிக்கு உண்டான வெளிச்சத்தையே கொடுத்துக்கொண்டிருந்தது. வருஷம் 2603, அதுவும் அவர்கள் கணக்குத்தான்; நமக்கு 1943. என் வயது மட்டும் நம் கணக்கிலேயே நாற்பத்தாறு.

லாரியில் மூன்று பேர். ஓட்டுவது பாக் மாட் என்ற மலாய்க்காரர், ஐம்பது வயது, லாரியோடு பேசும் பழக்கம் உள்ளவர். அவர் பக்கத்தில் மோரி என்ற ஜப்பானியர். கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூலால் கட்டியிருந்தது. வாள் தொங்க வேண்டிய இடுப்பில் சுத்தியல் தொங்கியது. பாறைகளைப் பார்த்து, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எது மூத்தது எது இளையது என்று வரைபடம் போடுவது அவர் வேலை. பின்னால் மூட்டைகளோடு மூட்டையாக நான், மொழிபெயர்ப்பாளன், அளவைக்காரன். ரப்பர் எஸ்டேட்டில் கிராணியாக, அதாவது கணக்கனாக, இருந்து பேரேடு எழுதிய கை.

அளவை எனக்குத் தெரியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பான் அதிகாரியின் அலுவலகத்தில் "சர்வே தெரியுமா?" என்று கேட்டார்கள். "தெரியும்" என்றேன். சர்வேக்காரர்கள் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தபோது நான்தான் அவர்களுக்குத் தேநீர் ஏற்பாடு செய்தேன். அந்த அளவுக்குத் தெரியும்.

பொய்க்குக் காரணம் இருந்தது. சயாமில் ரயில் பாதை போட எஸ்டேட்டுகளிலிருந்து ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. ரப்பர்ப் பால் வாங்க ஆளில்லாத எஸ்டேட்டில் கிராணி எதற்கு? எங்கள் பட்டியலில் என் பெயர் நான்காவது. மோரியின் வரைபடம் ஐந்து நாளில் சரியாக முடிந்தால், "பாறை ஆய்வு ஊழியர்" என்று சிவப்பு முத்திரை குத்திய ஒரு தாள் கிடைக்கும். அந்தத் தாள் உள்ளவனைச் சயாம் லாரியில் ஏற்ற முடியாது. ஐந்து நாள், ஒரு தாள். நான் புறப்பட்டதெல்லாம் அதற்காகத்தான்.

பாக்கார் ஆராங்கில் நின்று கரி ஏற்றினோம். பெட்ரோல் யுத்தத்துக்குப் போய்விட்டபடியால் லாரியின் முதுகில் இரும்பு அடுப்பு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கரி புகைந்தால் லாரி நகரும்.

"இது ஜெராய் வரைக்கும் போகுமா, பாக் மாட்?"

"போகும்லா. இறக்கத்துல நல்லாவே போகும்."

"ஜெராய் மலையாச்சே. ஏத்தமா இருக்குமே?"

"அப்ப நீ இறங்கித் தள்ளு. அதுக்குத்தானே உன்னைச் சேத்திருக்கு?"

சிடாம் கிரி ஆறேழு மைல்தான். போய்ச் சேர இரண்டு மணி நேரமும் என் தோள்பட்டையும் செலவாயின.

அங்கே ஓர் ஓடைக்கரையில் மோரி மண்டியிட்டார். கறுப்பாக, ஏடு ஏடாகப் பிரியும் பாறை. சுத்தியலால் ஒரு தட்டு. பழைய பேரேடு திறப்பதுபோலத் திறந்தது. திசைகாட்டியை வைத்து ஏடுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று குறித்துக்கொண்டார். ஒரு துண்டில் எண் எழுதி, செய்தித்தாளில் சுற்றி, என்னிடம் கொடுத்தார். மதியத்துக்குள் முப்பத்தொரு துண்டு. கல் சுமப்பதற்குக் கல்வி தேவையில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

கறுப்புப் பாறையின் குறுக்கே வெள்ளைக் கல் ஒன்று விரல் தடிமனுக்கு ஓடியது. மோரி அதைத் தொட்டுக் காட்டினார். அவர் பேசுவது ஆங்கிலமும் மலாயும் சரிபாதி, தமிழில் தருகிறேன்.

"கிராணி சான், இதில் எது மூத்தது?"

"வெள்ளை, துவான். நரைத்திருக்கிறது."

அவர் சிரிக்கவில்லை. "வெள்ளை கறுப்பை வெட்டிக்கொண்டு போகிறது. வெட்ட வேண்டுமென்றால், வெட்டப்படுவது முன்பே அங்கே இருக்க வேண்டும். அதனால் வெட்டியது இளையது."

எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. ரேஷன் வரிசையை வெட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறவன் எப்போதும் பிந்தி வந்தவன்தானே! மலைக்கும் மனிதனுக்கும் ஒரே சட்டம். கறுப்புப் பாறைக்கு என்ன வயதிருக்கும் என்று கேட்டேன். கோடி கோடி வருஷம் என்றார். அதன் முன்னால் 2603 என்பது இன்று காலைக் காப்பி. இதைத் தமிழில், வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாள், காலை ஒன்பது மணி.

பெடோங்கில் காப்பி ஒரு வெள்ளி, ஜப்பான்காரர்களின் வாழைமர நோட்டுக் கணக்கில். கருக்கிய மரவள்ளிக்குக் காப்பி என்று பெயர் வைத்த கடைக்காரர் துணிச்சல்காரர். பாக் மாட் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை லாரி அடுப்பில் ஊற்றலாமா என்று யோசித்தார்.

அங்கிருந்து ஜெராய் அடிவாரத்து எஸ்டேட் ஒன்றுக்குப் போனோம். கித்தா மரங்கள், அதாவது ரப்பர், சரிவில் ஏறி, ஓரிடத்தில் கருங்கல் பாறைகளில் முட்டி நின்றன. மலையின் வயிறு கருங்கல். கீழே அதைவிட வயதான வேறு பாறை. இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோடுதான் மோரிக்கு வேண்டியது. சாலையிலிருந்து அந்தக் கோடு எத்தனை அடி தூரம் என்று அளந்தால் போதும். வடக்குப் பாதி அவருக்கு, தெற்குப் பாதி எனக்கு.

அவர் காலடி எண்ணிக்கொண்டே காட்டுக்குள் மறைந்தார். நான் சரிவை அண்ணாந்து பார்த்தேன். இடுப்பு உயரத்துக்கு லாலான் புல். உள்ளே பாம்பு இருக்கலாம். இல்லாவிட்டாலும் நான் இருக்க வேண்டியிருக்கும். அப்போதுதான் மூளை வேலை செய்தது. கித்தா மரங்களை இருபது அடிக்கு ஒன்றாக நட்டிருக்கிறார்கள். மரத்தை எண்ணி இருபதால் பெருக்கினால் தூரம்! எண்ணக்கூட வேண்டாம், பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிறவர்களைக் கேட்டால் போதும்.

கீழ்த்தலை மரத்தடியில் அங்கம்மா இருந்தாள், பால் வெட்டுகிறவள், முப்பத்தைந்து வயது. சாக்கில் தைத்த சட்டை. என் பாதியில் இருந்த ஏழு நெரையில் ஒன்று அவளுடையது. நெரை என்றால் சாலையிலிருந்து பாறை வரை ஏறும் மர வரிசை.

"தங்கச்சி, நான் வேற எஸ்டேட்டுக் கிராணி. உன் நெரையில எத்தனை மரம்?"

"எம்பது."

"பக்கத்து நெரை?"

"எங்க வீட்டுக்காரரோடது. எம்பத்தி மூணு. அடுத்தது எழுவத்தி ஒம்பது. அதுக்கடுத்தது..." ஏழு நெரைக்கும் மூச்சுவிடாமல் சொன்னாள். "எதுக்குக் கேக்குறீங்க கிராணியாரே? மரத்தையும் சயாமுக்கு அனுப்பப் போறாங்களா?"

எழுதிக்கொண்டேன், பெருக்கினேன், படுத்துத் தூங்கினேன். மாலையில் மோரி முள் கிழித்த கையோடு வந்தார். அவர் முகத்துக்கு முன்னால் நான் களைத்த முகம் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள், நண்பகல்.

குரூண் வழியாக மலையைச் சுற்றி யானுக்கு வந்தோம். இந்தப் பக்கம் ஜெராய் வேறு மலை. முதுகைக் கித்தாக்காட்டுக்குக் கொடுத்துவிட்டு முகத்தைக் கடலுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. கீழே கண்ணுக்கு எட்டிய வரை நெல்வயல், அதன் ஓரத்தில் கடல், காற்றில் கருவாடு. யுத்தம் நடப்பது கொக்குகளுக்குத் தெரியாது. பாக் மாட்டின் உறவுக்காரர் வீட்டில் வறுத்த மீனும் உண்மையான சோறும் போட்டார்கள். நெடுநாளைக்குப் பிறகு கிழங்கு கலக்காத சோறு. நான் மூன்று தட்டு சாப்பிட்டேன். நாலாவதை மரியாதைக்காக மறுத்து, வற்புறுத்தியதால் சாப்பிட்டேன்.

அந்த வீட்டுப் பலகைத் தரையில் மோரி வரைபடத்தை விரித்தார். தன் அளவுகளைப் புள்ளி வைத்தார், என் அளவுகளைப் புள்ளி வைத்தார், கோடு இழுத்தார். வடக்கே கோடு ஒழுங்காக வந்தது. என் பாதியில் கல்லடி பட்ட ஓணான் மாதிரி முந்நூறு அடி சாலைப் பக்கம் தாவி, அங்கிருந்து மறுபடி ஒழுங்காக ஓடியது.

நான் தட்டை ஓரமாக நகர்த்தினேன்.

மோரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு துள்ளி எழுந்தார். உத்தரத்தில் தலை இடித்தது, கவனிக்கவே இல்லை.

"கிராணி சான்! இது பிளவு! பூமி இங்கே உடைந்து ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது. உடைந்த வழியில் இரும்பு இருக்கலாம். நூறு ஆள் வைத்துத் தோண்ட வேண்டும்!"

என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அறிக்கையில் உன் பெயரும் வரும் என்றார். நான் பூமியை உடைத்தவன் என்று எனக்கே அதுவரை தெரியாது. பாக் மாட்டிடம் பெருமையாகச் சொன்னேன்.

"உடைச்சது நீயா? அப்ப ஒட்ட வைக்கிறதும் நீதான்லா," என்றார் அவர், பல்லில் மீன் முள்ளைக் குத்திக்கொண்டே.

நான்காம் நாள், முற்பகல் பதினொரு மணி.

பிளவைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று மோரி அடம்பிடித்ததால் மறுபடி அதே எஸ்டேட். அங்கம்மாவின் நெரையில் ஏறினோம். இந்த முறை நானும் ஏற வேண்டியதாயிற்று. வரைபடப்படி கருங்கல் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் இருந்தது. மோரி தட்டினார், கிளறினார், சட்டைப்பையில் சாவியைத் தேடுகிறவர்போலத் திரும்பத் திரும்பத் தேடினார். கருங்கல் இன்னும் மேலே, வெகு தூரத்தில், சாதுவாக உட்கார்ந்திருந்தது.

பால் வாளியோடு இறங்கி வந்த அங்கம்மா நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்னா தேடுறாரு?"

"எம்பதாவது மரம்," என்றேன்.

"அது மேலல்லா இருக்கு, பாறைகிட்ட. இங்க நிக்கிறது அறுவத்தி நாலு. நடுவுல செத்தது பதினாறு இருக்குல்ல."

"செத்தது எண்ணலையா நீ?"

"செத்த மரத்தை எவன் எண்ணுவான்? பால் கொடுத்தாத்தான் மரம். நீங்க கிராணியார்தானே, உங்க பேரேட்டுல செத்த மரத்துக்குக் கணக்கு எழுதுவீங்களா?"

எழுதியதில்லை. இருபது வருஷமாக எழுதியதில்லை. எந்த எஸ்டேட்டிலும், எந்த நெரையிலும், மரம் என்றால் வெட்டுகிற மரம். வேர்நோய் வந்து விழுந்தது வெற்றிடம். ஏழு நெரையிலும் அதே நோய். பதினாறை இருபதால் பெருக்கினேன். முந்நூற்று இருபது அடி. பூமியின் பிளவு அங்கே என் வடிவில் நின்றது.

பட்டியலின் நான்காவது பெயரை ஒரு தடவை வாய்க்குள் வாசித்துப் பார்த்தேன்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் மோரி.

"வெயில் அதிகம் என்கிறாள், துவான்."

"இவ்வளவு நேரமா?"

"தமிழில் வெயில் நீளம்."

அவர் என்னைப் பார்த்தார். சுத்தியல் அவர் கையில்தான் இருந்தது. நூறு பேர் தோண்டி, இரும்புக்குப் பதில் என் பொய் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். நேர்மையால் அல்ல, பயத்தால்தான் சொன்னேன்: நாளைக்குப் பிடிபடுவதைவிட இன்று பிடிபட்டால் அடி குறைவு. படுத்துத் தூங்கியது உட்பட எல்லாவற்றையும் கொட்டினேன். இடையிடையே குனிந்தேன். ஒரு தடவை மரத்தைப் பார்த்தும் குனிந்துவிட்டேன்.

மோரி ஒரு வேரில் உட்கார்ந்தார். வரைபடத்தை விரித்து, அழிரப்பரால் மெதுவாக, பிளவை அழித்தார். ஜெராய் மலை ஒட்டிக்கொண்டது.

"மேலே இருப்பவர்களுக்கு நான் இன்னும் எழுதவில்லை," என்றார். எனக்கா, தனக்கா என்று தெரியவில்லை. பிறகு, "மற்ற ஆறு நெரையில் செத்தவை எத்தனை?"

அவளுக்கே எல்லாம் தெரியும் என்று சொல்ல நான் வாய் திறந்தேன். அங்கம்மா முந்திக்கொண்டாள், முகத்தில் சிரிப்பு, குரலில் கத்தி.

"கிராணியாரே, வாயை மூடுங்க. எனக்கு என் நெரை மட்டும்தான் தெரியும்னு சொல்லுங்க. மத்த ஆறும் அதது வெட்டுற ஆம்பளைக்குத்தான் தெரியும், அவங்க இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு சொல்லுங்க. நாளன்னிக்குக் காலையில சயாம் லாரி வருது. ஆறு பேரு பேரும் பட்டியல்ல இருக்கு. எங்க வீட்டுக்காரர் பேரும்."

மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. மோரி அவளைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், "நாளைக்கு ஆறு பேரும் வரட்டும்" என்றார்.

ஐந்தாம் நாள், காலை பத்து மணி.

ஐந்து பேர் தங்கள் நெரைகளை மளமளவென்று ஒப்பித்தார்கள். "இங்க ஒண்ணு, இடி விழுந்துச்சு. இங்க ரெண்டு, வேரு போச்சு." மோரி குறித்துக்கொண்டே வந்தார்.

ஆறாவது ஆள் முனியாண்டி, அங்கம்மாவின் கணவன். நல்ல மனிதன், பாடுவான், மரம் ஏறுவான். எண் மட்டும் அவனோடு ஒட்டியதில்லை. தன் நெரையை அவன் கையால் அறிவான், கணக்கால் அறியான். செத்த மரங்களை வேரோடு பிடுங்கிக் கரிக்கு விற்றுவிட்டதால் எங்கும் புல் மூடிக் கிடந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வை, நான் முந்தின நாள் சுத்தியலைப் பார்த்த பார்வை.

பின்னாலேயே அங்கம்மா வந்தாள். ஓரிடத்தில் இருமினாள்.

"இங்க ஒண்ணு செத்துச்சு," என்றான் முனியாண்டி, உடனே.

இருபதடி தள்ளி மறுபடி இருமல். "இங்க ஒண்ணு." அடுத்தடுத்து இரண்டு இருமல். "இங்க ரெண்டு, துவான். அண்ணன் தம்பி மாதிரி நின்னுச்சு." எனக்கு வியர்த்து ஊற்றியது, முனியாண்டிக்கோ துணிச்சல் வந்து, செத்த மரங்களைப் பற்றி ஒப்பாரி மாதிரி இரண்டு வரி பாடவும் தொடங்கிவிட்டான்.

பாதி வழியில் விபத்து. காற்று திரும்பி, லாரி அடுப்பின் புகை மேலே வந்தது. அங்கம்மாவுக்கு உண்மையாகவே இருமல் வந்துவிட்டது. முனியாண்டி சட்டென்று நின்று பக்கத்து மரத்தைக் காட்டினான்.

"இது ஒண்ணு செத்துச்சு!"

அந்த மரத்தில் இலை தளதளவென்று இருந்தது. தண்டில் கட்டிய மங்குக் கிண்ணம் நிறையப் பால் வடிந்துகொண்டிருந்தது.

"இதுவா?" என்றார் மோரி.

"நேத்து சாயங்காலம்தான் செத்துச்சு," என்றான் முனியாண்டி. "அதுக்கே இன்னும் தெரியாது."

மொழிபெயர்க்கும் பொறுப்பு என்னுடையது. "நோயாளி மரம், துவான். பிழைக்காது," என்றேன். என் குரல் வேறு யாருடையதோபோலக் கேட்டது. மோரி மரத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு பென்சிலை நாவில் தொட்டுக்கொண்டு, செத்த மரம் ஒன்று என்று எழுதினார்.

மாலையில் புதுக் கோடு இழுத்தார். வடக்கும் தெற்கும் சேர்ந்தன. தாள்கள் எட்டு எழுதினார்: ஆறு ஆண்கள், அங்கம்மா, நான். ஒவ்வொன்றிலும் சிவப்பு முத்திரை. மழைக்காலம் முடியும்வரை மலையில் கல் சுமக்கும் வேலை அவர்களுக்கு.

ஆறாம் நாள், காலை எட்டு மணி.

சயாம் லாரி வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பட்டியல் வாசித்தார்கள். ஆறு பெயர் வந்தபோது ஆறு தாள்கள் நீண்டன. வாசித்தவன் முத்திரையைத் தடவிப் பார்த்து, பெயர்களை அடித்தான். ஆனால் லாரி காலியாகப் போகவில்லை. மேல் லயத்து வீடுகளிலிருந்து பதினொரு பேர் ஏறினார்கள். அவர்களுடைய மரங்கள் பாறை எல்லைக்கு வெகு தூரம். லாரி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அங்கம்மா கணவனின் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "செத்துச்சாம்! அதுக்கே தெரியாதாம்!" என்றாள். அவன் சிரித்தான், அவள் அழுதாள், பிறகு இடம் மாறிக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு நாங்கள் புறப்பட்டோம். இறக்கம் என்பதால் பாக் மாட்டின் லாரி சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. மோரி இந்த முறை பின்னால் என்னோடு, கல் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அந்த அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?"

"ஈரக் காற்று, துவான். சரியாகிவிடும்."

"ஆமாம். செத்த மரங்களின் பக்கத்தில் ஈரம் அதிகம்."

கண்ணாடிக்குப் பின்னால் எதுவும் அசையவில்லை. தாள் என் சட்டைக்குள் இருந்தது. அதை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டேன், ஏதோ அவர் எட்டிப் பறிக்கப் போகிறவர்போல. அப்போதுதான் உறைத்தது. காலடி எண்ணத் தெரிந்த மனிதர் அவர். ஏழு நெரையையும் தானே அரை நாளில் நடந்து அளந்திருக்கலாம். ஆறு பேர் எதற்கு?

அவர் வரைபடத்தை விரித்து என் மடியில் வைத்தார். கருங்கல்லின் எல்லைக்கோடு வடக்கிலிருந்து தெற்காக, நூல் பிடித்ததுபோல ஓடியது. ஒரே ஓரிடத்தில், முனியாண்டியின் நெரையில் மட்டும், மூக்கு முளைத்ததுபோல ஒரு சின்னப் புடைப்பு. இருபது அடி. சாகாத அந்த மரம்.

"இதைத் திருத்த வேண்டாமா, துவான்?"

மோரி வரைபடத்தை வாங்கிச் சுருட்டினார்.

"மலைகளில் அப்படி இருப்பது உண்டு," என்றார்.